குழம்புக்கு எடுத்த மீன்

டென்மார்க்கில் நான் தங்கியிருந்த மாணவர் விடுதியில் முட்டைகளுக்குப் பெயர் உண்டு. பொதுச் சமையலறையின் ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒவ்வொரு முட்டையின் தலையிலும் கறுப்புப் பேனாவால் எழுதியிருக்கும்: மாத்தியாஸ், சோஃபியா, மாத்தியாஸ், மாத்தியாஸ். முதல் நாள் பார்த்தபோது முட்டையிட்ட கோழியின் பெயராக்கும் என்று நினைத்துவிட்டேன். பால் பாக்கெட்டில் எதுவரைக்கும் குடித்தோம் என்று கோடு போட்டு வைப்பார்கள். எட்டுப் பேரும் எட்டுச் சட்டியில் தனித்தனியாக வேகவைத்து, ஒரே மேசையில் உட்கார்ந்து, பக்கத்துத் தட்டை ஏறிட்டும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். அடுத்தவர் விஷயத்தில் தலையிடாத நாகரிகம் என்று இதைப் பற்றி வரவேற்பு வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. அங்கேயாவது பக்கத்துக் கட்டில்காரர் ஒரு ஆரஞ்சு சுளை கொடுப்பார்.

நான் கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரன். சிதம்பரத்தில் கடல் சம்பந்தமான முதுகலைப் படிப்பு. அதில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படிக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது, விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. அங்கே வாங்கும் மதிப்பெண் இங்கே சேர்ந்தால்தான் என் முதுகலை முடியும். எங்கள் அப்பா ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார்களில் ஒருவர். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர் வரைக்கும் ஒருவர் விடாமல் சொல்லி வைத்துவிட்டுத்தான் என்னை விமானம் ஏற்றினார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ‘சிறு மீனவர் சமூகங்கள்’ என்று ஒரு பாடம். ஆழக் கடலில் ஒரு நாளும் வாந்தி எடுத்திராத பேராசிரியர் ஒருவர் நடத்தினார். உங்கள் ஊரில் மீனை எப்படிப் பகிர்ந்துகொள்வீர்கள், வந்து பேசு என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பேசினேன். படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீன் கழிக்க யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கூப்பிடத் தேவையில்லை, வேலை முடிந்ததும் அவரவர் குழம்புக்கு இரண்டு மீனை எடுத்துக்கொண்டு போவார்கள், எடுக்கட்டுமா என்று கேட்பது வீட்டுக்காரரை அவமானப்படுத்துவது மாதிரி என்று சொன்னேன். வகுப்பே கை தட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாத்தியாஸும் கை தட்டினான், தன் ஒன்பது முட்டைகளிலும் பெயர் எழுதிய அதே கையால்.

விடுதியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சின்னத் துறைமுகம். அக்டோபர் காலை ஒன்றில் போனபோது ஹென்ரிக் என்ற கிழவர் தன் சின்னப் படகைக் கட்டிவிட்டு, தனியாளாக வலையிலிருந்து தட்டை மீன்களைக் கழித்துக்கொண்டிருந்தார். நம் ஊர் நாக்கு மீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மீன். தனியாக ஒரு மனிதன் அவ்வளவு பெரிய வலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் கைக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து கழிக்க ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “டாக்,” என்றார். நன்றி என்று அர்த்தம். ஒரு மணி நேரம் ஒரு பேச்சும் இல்லை. விரல் மரத்துப் போய்விட்டது. முடிந்ததும் பெட்டியிலிருந்து நடுத்தர அளவில் இரண்டு மீனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து ஏதோ சொன்னார். பார்த்துப் போ என்கிறார் போலிருக்கிறது என்று கையை ஆட்டினேன்.

இப்படி ஆறு நாள் காலை. முதல் நாள் சாயங்காலமே வீடியோ காலில் சட்டியைக் காட்டியபோது அப்பாவுக்குத் தாங்கவில்லை.

“குழம்புக்கு எடுத்துக்கிட்டியா? ஒண்ணும் சொல்லலியா அவுரு?”

“இல்லப்பா.”

“பாத்தியா! வெள்ளக்காரனா இருந்தா என்னா, கடல்ல போறவன் போறவன்தான்டா.” பக்கத்தில் இருந்தவர்களிடமும் போனைத் திருப்பிக் காட்டினார்.

ஏழாம் நாள் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல், வந்து பார் என்று. மெட்டே என்ற அதிகாரி அந்த ஊர் உபசார வழக்கப்படி மெழுகுவர்த்தி ஏற்றி, காபி ஊற்றி, பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஹென்ரிக் எழுதிய புகாரை வாசித்தார். அனுமதியில்லாமல் ஆறு முறை மீன் எடுத்துச் செல்லப்பட்டது. பிடிக்கும் ஒவ்வொரு மீனையும் எடை போட்டு அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர். என் ஜாக்கெட்டில் இருந்த பல்கலைக்கழகச் சின்னத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“இது உனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா?” என்று மெட்டே சிரித்த முகமாகக் கேட்டார்.

“அவரோடு ஆறு நாள் வேலை செய்தேன்,” என்றேன்.

“அதற்கு ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா?”

ஒரு தாளை நீட்டினார். ‘உரிமையாளரின் அனுமதியின்றி அவருக்குச் சொந்தமான மீனை எடுத்தேன். அது தவறு என்பதை உணர்கிறேன்.’ கையெழுத்துப் போட்டால் விஷயம் அலமாரிக்குள் போய்விடும். போடாவிட்டால் ஒழுங்குக் குழு, சிதம்பரத்துக்குக் கடிதம், செமஸ்டர் ரத்து. யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார்கள். இவ்வளவையும் குரல் உயராமல், பிஸ்கட்டோடு சொல்ல இவர்களால்தான் முடியும்.

எங்கள் ஊரில் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன், ஆளில்லாத நேரத்தில் இன்னொருவன் போட்டிலிருந்து ஒரு கூடை மீனைத் தூக்கிவிட்டான். தீர்ப்புச் சொன்னவர்களில் அப்பாவும் ஒருவர். கோயில் வாசலில் எல்லோர் முன்பும் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். அவன் இப்போது கேரளாவில் கட்டட வேலை செய்கிறான், திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. மீன் திருடன் என்ற பெயர் எங்கள் கரையில் அப்படிப்பட்டது. அந்தப் பெயரைத்தான் எனக்குத் தட்டச்சு செய்து, கீழே கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிரசன்னா சென்னைக்காரன். எட்டு வருடத்தில் நன்றாகவே பதமாகிவிட்டவன். “மச்சான், சும்மா ஒரு சைன் போட்டுட்டு போய்க்கினே இரு. இவனுங்களுக்கு பேப்பர்தான் வேணும்,” என்றான். தன் அடுக்குமாடி வீட்டில் தாளிக்கும்போது வாசனை போகாமல் கதவிடுக்கில் துண்டு சொருகுகிறவன் வேறு என்ன சொல்வான்?

ஹென்ரிக்கை நேரில் பார்க்கக் கூடாது என்று மெட்டே சொல்லியிருந்தார். போனேன். அவர் வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“முதல் நாளே டேனிஷில் சொன்னேன். நீ கையை ஆட்டினாய்.”

“மற்ற ஐந்து நாள்?”

“சண்டை எனக்குப் பிடிக்காது.”

“என்னை ஏன் வேலை செய்யவிட்டீர்கள்?”

“பல்கலைக்கழகம் உன்னை ஏதோ ஆராய்ச்சிக்கு அனுப்பியிருக்கிறது என்று நினைத்தேன். சம்பளம் வேண்டுமென்றால் நீ கேட்டிருக்க வேண்டும்.”

எங்கள் ஊராக இருந்தால் முதல் மீனிலேயே கையைத் தட்டிவிட்டு, அம்மா ஆத்தா என்று ஆரம்பித்து, ஊரே கூடி, பத்தே நிமிடத்தில் முடிந்திருக்கும். பிறகு அதே மீனை அவரே கையில் திணித்து அனுப்பியிருப்பார். இந்த மனிதர் ஆறு நாள் என் உழைப்பை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டு, ஏழாம் நாள் கடிதம் எழுதினார். சண்டை பிடிக்காதவர்களின் கொடுமையை அங்கேதான் பார்த்தேன். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஆனால் அவரை வெறுப்பது சுலபம். கொடுத்த ஒரு வாரமும் முடிந்த பிறகு மெட்டேயின் அறைக்குப் போய், பிஸ்கட்டைத் தொடாமல், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். “துணிச்சலான முடிவு,” என்றார் மெட்டே. அசிங்கமாக இருந்தது. மிச்சமிருந்த மூன்று மாதமும் துறைமுகப் பக்கம் தலைகாட்டவில்லை. எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண்.

ஜனவரிக் கடைசியில் ஊர் திரும்பினேன். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. கரையில் பார்க்கிறவர்களெல்லாம் டென்மார்க்கில் பீர் என்ன விலை, பொண்ணுங்க எப்படி என்று கேட்டார்கள். உலகத்தின் எந்த மூலைக்குப் போய் வந்தாலும் நம் ஆட்களுக்கு இந்த இரண்டுக்கு மேல் கேள்வி கிடையாது. அப்பா மட்டும் வேறு ஒன்று கேட்டார்.

“அந்த ஹென்ரிக்குக்கு என்னாடா செஞ்ச?”

“என்னா செய்யணும்?”

“ஆறு நாளு குழம்புக்கு மீன் குடுத்திருக்கான். வெறுங்கையோட வந்து நிக்கிற. நாளைக்கு நம்மள என்னான்னு நெனப்பான்?”

மறு வாரம் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்து, உப்புப் போட்டு, காக்காய் ஓட்ட ஆள் வைத்துக் காயவைத்தார். அம்மா பிளாஸ்டிக் தாளில் மூன்று சுற்றுச் சுற்றித் துணியில் வைத்துத் தைத்தார். அதன்மேல் ஹென்ரிக் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். “சிதம்பரத்துல பெரிய தபாலாபீஸ்லேருந்து அனுப்பு, சீக்கிரம் போவும்,” என்று அப்பா பேருந்து நிலையம் வரைக்கும் வந்து, பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் அது என் சிதம்பரம் விடுதி அறையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. அறை முழுக்க வாடை. உடனிருக்கும் இருவரும் தினமும் திட்டினார்கள். அனுப்பினாலும் அந்த நாட்டுச் சுங்கத்தில் குப்பையில்தான் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அப்பாவிடம் சொன்னால் ஏன் என்பார், ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற கடலூர்க்காரர்கள் யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார்.

“கெடச்சிச்சாமா? என்னா சொன்னான்?”

“நல்லா இருந்துச்சாம்பா.”

“சொன்னானா! உப்பு தாங்குனானா?” அவர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

போனை வைத்துவிட்டுத் தையலைப் பிரித்தேன். சீக்கிரம் செய்டா என்று அறைக்காரர்கள் அடுப்பைப் பற்றவைத்தார்கள். துணியிலிருந்த பெயரை உள்பக்கமாக மடித்து வைத்துவிட்டு, முதல் துண்டைப் பொரித்துச் சாப்பிட்டேன். அனுமதியின்றி, ஹென்ரிக்குக்குச் சொந்தமான மீனை.