தறிச் சத்தத்தில் ஒரு பழிப்பு

பள்ளிபாளையத்தில் பூவாத்தாள் வேலை செய்த பட்டறையில் விசைத்தறிகள் ஓடத் தொடங்கிவிட்டால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே ஆட்களுக்குப் பெயர் கிடையாது, சாடைதான். முதலாளி என்றால் மீசையைத் தடவுவார்கள். நூல் இறக்கும் நாச்சிமுத்து என்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைப்பார்கள். பாதிச் சாடைகள் பூவாத்தாள் உண்டாக்கியவை.

போன மாதம் தனசேகர் புது மேஸ்திரியாக வந்தார். முகவாதத்தில் அவருக்கு வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. சில நாளில் பூவாத்தாள் அதையே அவர் சாடையாக்க, மற்றவர்களும் பழகிவிட்டார்கள். ஒரு நாள் மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று எதிர்த்தறி அங்கம்மாளுக்குச் சொல்ல, பூவாத்தாள் யோசிக்காமல் தன் வாயைக் கோணிக் காட்டினாள். அங்கம்மாள் சிரித்தாள். உடனே சிரிப்பு அடங்கி, அவள் பார்வை பூவாத்தாளின் தோளுக்குப் பின்னால் போனது. தனசேகர் நின்றிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றதும் அவர் வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "என்னையப் பழிக்கறீங்களாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். பூவாத்தாள் சோற்றை மூடி வைத்தாள். வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தச் சொல் இன்னொரு பக்கம் உறுத்தியது. பழிப்புக் காட்டுவது பிள்ளைகள் விளையாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். சாயங்காலம், நாமக்கல்லில் தமிழ் படிக்கும் மகள் மைதிலிக்குப் போன் போட்டு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் கண்ணு என்று கேட்டாள்.

"பழின்னா குத்தஞ் சொல்றதும்மா. பழிப்பு அதுலருந்து வந்ததுதான். ஒருத்தரோட குறையை மூஞ்சில செஞ்சு காட்டுனா, வாயத் தொறக்காமயே குத்தஞ் சொன்னதாத்தான் ஆவுது."

மறுநாள் தறி ஓட்டும் முன்பே மேஸ்திரியிடம் போனாள். பழிக்கவில்லை, பெயருக்குப் பதிலாகத்தான் செய்தேன் என்று சொல்லி, பட்டறையில் உள்ள எல்லோருடைய சாடையையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. கடைசிவரை பார்த்தார்.

"நடக்கறது, மீசை தடவறதெல்லாம் அவங்க செய்யறதுங்க. இது எனக்கு வந்துட்டது. வேற ஏதாச்சும் வைங்க" என்றார்.

தறியைத் தாண்டும்போதெல்லாம் சட்டத்தை உள்ளங்கையால் தொட்டுப் போவது அவர் வழக்கம். அன்று முதல் உள்ளங்கையைக் கவிழ்த்தால் மேஸ்திரி என்றானது. ஆனால் பழகிய வாய் சட்டென்று மாறுமா? இன்னும் இரண்டொருவர் கோணித்தான் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பூவாத்தாள் திடுக்கிட்டு, அவர் எங்கே நிற்கிறார் என்று தேடுகிறாள்.