நான் தீவில் இருந்தபோது

தீவு வெயிலில் வெந்த மூக்கில் தோல் உரிவது நிற்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நான் தங்கையின் துக்க வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் முதலில் அவளைப் பார்த்தார்கள், அடுத்தபடியாக என் மூக்கைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாலத்தீவுக்குப் போகவேண்டும் என்று எனக்கு ஆசையே இல்லை என்று சொன்னால் அது பொய். சிங்கப்பூரில் இருக்கும் மகன் எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்த அன்றே ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் சொல்லி முடித்துவிட்டேன். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்டு பார்த்து, பஞ்சுத் தூசியை மூக்கிலும் காதிலும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவன் நான். என்னைப் பார்த்து நாலு பேர் "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதில் என்ன தப்பு என்று அப்போது நினைத்தேன்.

தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க அவர் கடைக்குப் போனேன். நகல் எடுத்துக் கொடுத்தவர், நான் தடுப்பதற்குள் விமான டிக்கெட்டையும் வாங்கி லேமினேஷன் மெஷினுக்குள் விட்டுவிட்டார். "கடக் காத்துல நனஞ்சு போச்சுன்னா நடுக்கடல்ல என்ன செய்வீய?" என்றார். திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் நின்ற போலீஸ்காரர் அந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு மாப்பிள்ளைமேல் கோபமாக வந்தது.

தீவை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னமும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர்தான் வருகிறது. அய்யனார் கோவில் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் தண்ணீர் என்று ஒன்று உண்டா என்று இருந்தவனுக்கு, கழுத்தளவில் நின்றாலும் கால் விரல் நகம் தெரிகிற கடல் என்றால் எப்படி இருக்கும்? தீவு மொத்தமே எங்கள் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டீ குடிக்கப் போய்த் திரும்பும் தூரம்தான். என் மனைவி இரண்டு நாள் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். மூன்றாம் நாள் மகன் வாங்கி அனுப்பியிருந்த சுடிதாரை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஒரு சிறிய மீன் அவள் முழங்காலை உரசிக்கொண்டு போனதும் கத்திச் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன், குடும்பக் குரூப்பிலும் போட்டேன்.

முதல் இரண்டு நாளும் குரூப் ஜேஜே என்று இருந்தது. சூப்பர் என்றார்கள், கலக்குங்க மாமா என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு சத்தமும் இல்லை. முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று போன் காட்டுகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு எதுவுமே உடனே புரிந்துவிடும், அதுதான் என் வியாதி. வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன். எரியட்டும் என்று இளநீரும் கையுமாக இன்னொரு படம் எடுத்துப் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. எப்போதும் முதல் ஆளாகக் கைதட்டல் அனுப்புகிற மாப்பிள்ளையும் ஊமையாகிவிட்டார். மற்றவர்களை விட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

சாயங்காலம் வரை பொறுத்தேன். பிறகு குரூப்பில் எழுதினேன்: "ஒருத்தன் நல்லா இருந்தா உங்களுக்கெல்லாம் பொறுக்காதோ? ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்துருமோ?"

"எதுக்குங்க இதெல்லாம்? அழிச்சிருங்க" என்றாள் மனைவி.

நான் அழிக்கவில்லை. சிறிது நேரத்தில் ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. தங்கை அனுப்பியிருந்தாள். "பாத்தியா, எம் தங்கச்சி ஒருத்திக்குத்தான் நல்ல மனசு" என்று மனைவியிடம் காட்டினேன். அந்த நல்ல மனசுக்காக அன்றைக்கே தீவுக் கடையில் மீன் படம் போட்ட நீலத் துணி ஒன்றை அவளுக்கு வாங்கினேன்.

திரும்பி வரும்போது விமான நிலையத்திலிருந்து எங்களைக் கூட்டிவந்த டிரைவர் எங்கள் தெருக்காரர். வாய் ஓயாத மனிதர். அன்றைக்குச் செங்கோட்டை வரை ஒரு வார்த்தை இல்லை. பாட்டாவது போடப்பா என்றேன். "ரிப்பேரு அண்ணாச்சி" என்றார். போகும்போது நன்றாகப் பாடிய பெட்டி. வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அவரைத் திட்டிக்கொண்டே சேத்தூரைத் தாண்டினேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டம்மா தூக்குவாளியோடு நின்றிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் மட்டும் நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். "முதல்ல சாப்பிடுங்க, பொறவு பேசலாம்" என்று இலையைப் போட்டார். நாலு இட்லி சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே மீன் எப்படி உரசிக்கொண்டு போனது என்று கையால் நீந்திக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சட்னி ஊற்றினார். நாங்கள் கை கழுவி வந்த பிறகுதான் சொன்னார். முந்தாநாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

வெளியூர் போனவனுக்குச் சாவு சொல்ல எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. வந்து சேர முடியும் என்றால் சொல்வார்கள். முடியாது என்றால், அவன் ஊர் திரும்பி வயிறு நிறைந்த பிறகுதான் சொல்வார்கள். எங்கள் விமானம் இரண்டு நாள் கழித்து. அதற்கு முன்னால் சொல்லி அங்கே அவர்களை எதற்கு அழ வைக்க வேண்டும் என்று கேட்டது என் தங்கைதானாம். எல்லாரையும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று தடுத்ததும் அவள்தானாம்.

புருஷன் இறந்தால், உடலை எடுப்பதற்கு முன் பிறந்த வீட்டு அண்ணன் தம்பி ஒரு புதுச் சேலை கொண்டுபோய் அவள்மேல் போர்த்த வேண்டும். கோடி போடுவது என்பார்கள். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று வாயால் சொல்லத் தெரியாதவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் என்று நினைக்கிறேன். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். நான் இல்லாததால் தளவாய்புரத்திலிருந்து எங்கள் சித்தப்பா மகன் வந்து போட்டிருக்கிறான்.

நாலைந்து நாள் கழித்து, பூட்டிக் கிடந்த ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் வைத்து அவன் மீதியைச் சொன்னான்.

"கோடிய விரிச்சுக் கையில வச்சிட்டு நிக்கேன். அம்புட்டுப் பேரு போனும் ஒண்ணாக் கத்துது. ஒருத்தன் உன் மெசேஜ வாய்விட்டு வாசிச்சுட்டான். என்ன அண்ணன்லே இவன்னு சத்தம் போடுதாங்க. அவதான், 'அண்ணன் ஒண்ணும் தெரியாம எழுதிருக்கு, சங்கடப்படும், யாராச்சும் ஒரு லைக்கு போடுங்க'ன்னா. எவனும் போடல. அவளே போன வாங்கி அமுக்குனா. பொறவுதான் குனிஞ்சு கோடிய வாங்குனா."

டீ ஆறிப்போனது. அவன் இன்னொரு டீ சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

பதினாறாம் நாள் ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதை வாங்கவில்லை. "அது ஒருக்காத்தான் அண்ணே. அதான் போட்டாச்சே" என்றாள்.

"எம்மேல கோவமா?"

"கோவம்லாம் ஒண்ணும் இல்ல. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அதுவரை அவள் என்னை வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் என்றால் எனக்குத் தெரியும், அதோடுதான் வாழ்ந்திருக்கிறேன். காலில் விழலாம், கத்தலாம், ஒரு நாள் தணியும் என்று காத்திருக்கலாம். அவளிடம் தணிவதற்கு ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போகிறேன். காப்பி கொடுக்கிறாள். டம்ளரைக் கீழே வைத்ததும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். கொஞ்ச நேரம் மாப்பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அந்த நீலத் துணி இன்னும் பெட்டியில் மணலோடு கிடக்கிறது. மனைவி பெட்டியைத் திறப்பதில்லை. அவள் கழுத்தளவு தண்ணீரில் சிரித்த படத்தை அவளே அழித்துவிட்டாள். விமான டிக்கெட்டைக் கிழித்துப் போட நினைத்து ஒருநாள் கையில் எடுத்தேன். மாப்பிள்ளை ஒட்டிக் கொடுத்தது, கிழியவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

போன வாரம் தங்கைக்குத் தனியாக ஒரு மெசேஜ் எழுதினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "நான் செஞ்சதுக்கு மன்னிப்பே கிடையாது. ஆனாலும் மன்னிச்சிரும்மா. பழைய மாதிரி ஒரு வார்த்தை பேசு."

பார்த்துவிட்டாள் என்று நீல டிக் காட்டியது. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது.