பிரேக் கம்பி கட்டிய வயலின்

மாகாணப் பண்பாட்டுத் துறையின் பதிவேட்டில், எழுபத்திரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பலாந்தா, டல்மிரா. வயது ஐம்பத்து நான்கு. இல்லத்தரசி. கலைப் பங்களிப்பு: கூட்டத்தோடு சேர்ந்து பாடுதல். இசைக் கருவி: ஏதுமில்லை. நிலை: மறைந்துவருபவர்."

டல்மிரா ஆறடி உயரம். பாலோ ஓந்தோ என்ற ஊரில் அவள் தன் கடை வாசலில் நின்றால் பெயர்ப்பலகைதான் மறையும். அவள் மறைந்து யாரும் பார்த்ததில்லை. கடை, சைக்கிள் கடை. கரும்பு வெட்டப் போகிறவர்களின் சைக்கிள்கள் அத்தனையும் அவள் கைபட்டுத்தான் ஓடுகின்றன. வீட்டில் சமைப்பது கணவன். பாட்டு அவளுக்கு வரவே வராது. அவள் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கும் சுருதி போய்விடுகிறது என்று ஊரே கெஞ்சிக் கேட்டு அவளைப் பாடாமல் வைத்திருக்கிறது. வயலின் வேறு விஷயம். தடித்த மூங்கிலைக் குடைந்து தானே செய்த வயலினை இருபத்தாறு ஆண்டுகளாக அவள் வாசித்துவருகிறாள்.

கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்குப் போனபோது அவள் கடையில் இருந்தாள். அடுப்படியில் இருந்த கணவனைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பான். ஆனால் படிவத்தில் சமைக்கிற ஆணுக்குக் கட்டம் இல்லை.

பாலோ ஓந்தோவில் கிறிஸ்துமஸ் பிப்ரவரியில் வரும். டிசம்பரில் பண்ணை முதலாளிகளின் பண்டிகைக்கு அடுப்பூதியவர்களுக்குப் பிப்ரவரியில்தான் கை ஒழிந்தது. அடிமைத்தனம் ஒழிந்து நூற்றெழுபது ஆண்டு ஆகியும் தேதியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கேட்டால், பிள்ளை பெற்றவள் நாற்பது நாளாவது கழியாமல் ஆடுவாளா என்று மாதாவையே சாட்சிக்கு இழுப்பார்கள்.

மரத்தில் செதுக்கிய கன்னங்கரிய குழந்தை இயேசு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். பண்டிகையன்று ஊர்வலம் அந்த வீட்டைத் தேடி வந்து, வாசலில் வயலின் வாசித்து அழைக்க வேண்டும். வயலின் கேட்காமல் குழந்தை வெளியே வராது. குழந்தை வராமல் கிறிஸ்துமஸ் இல்லை. இன்னொரு விதியும் உண்டு: குழந்தைக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது.

இந்த ஆண்டு குழந்தை இருந்தது டல்மிராவின் அண்ணன் மனைவி தொமித்திலாவின் வீட்டில். மாலை நான்கு மணிக்கு எல்லாரும் கூடிவிட்டார்கள். சித்தப்பா மகன் எலியேசெருக்குப் பெருமேளமும், அதோடு தொழுவத்துக் கழுதை வேஷமும். அட்டைத் தலையை மாட்டிக்கொண்டு அவன் உள்ளே போய், குழந்தையின் காலை முத்தமிட்டு, முறைப்படி பின்னோக்கியே நடந்து வந்தான். கழுதைத் தலைக்கு முன்னாலேயே கண் சரியில்லை; பின்னால் கேட்கவே வேண்டாம். வாசலோரப் பலகையில் இடறி, அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். அதில்தான் வயலின் இருந்தது.

"என்னடா சத்தம்?" என்றாள் டல்மிரா.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்ளோ சத்தமா?"

எலியேசெர் எழுந்தான். வயலின் எழவில்லை. வில் மட்டும் தப்பியிருந்தது.

"வேஷம் போடுடான்னா, நெஜமாவே கழுதையா ஆயிட்டியேடா!"

"நான் என்னக்கா பண்ணட்டும்? புள்ளைக்கு முதுகு காட்டக் கூடாதுல்ல?"

அவன் செய்தது முறை.

தொமித்திலா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "புதுசா ஒண்ணு செய்ய எத்தனை நாளாகும்?"

"மூங்கில் காயணும் மதினி. இருபது நாள்."

"அப்போ தவக்காலம் வந்துரும். மேளத்தத் தொட்டா பாதிரியார் நம்மள உரிச்சுருவாரு. இந்த வருஷம் கிறிஸ்துமஸே இல்லையா?"

"யாரு சொன்னா?" என்றாள் டல்மிரா. அவள் பார்வை தெருவில் நின்ற ஜீப்பில் இருந்தது.

ஜீப் பண்பாட்டுத் துறையினுடையது. விழாவைப் படம்பிடிக்க வந்த ஒசோரியோ என்ற அதிகாரி, பளபளவென்று மெருகேற்றிய வயலின் ஒன்றையும் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்.

"அது யாருக்கு சார்?"

"பதிவு பெற்ற வயலின் கலைஞருக்கும்மா."

"அது யாரு?"

ஒசோரியோ பதிவேட்டைப் புரட்டினார். பாலோ ஓந்தோவில் அப்படி யாரும் இல்லை.

"சரி, அந்த ஆளு வர்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன்" என்று டல்மிரா பெட்டியைத் திறந்தாள். வயலினை மார்பில் சாய்த்துக்கொண்டாள்.

"தாடைக்குக் கீழ வெச்சுக்கணும்மா."

"தாடை மேளக்காரங்களத் திட்டுறதுக்கு வேணும் சார்."

வாசித்தாள். தேன் மாதிரி இழைந்தது. எலியேசெர் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டியதும் தேன் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"ஆரம்பிக்கலையா?" என்று மாமரத்தடியிலிருந்து ஒருவன் கத்தினான்.

"எனக்கும் கேக்கல!" என்றாள் உள்ளிருந்து தொமித்திலா. கதவு திறக்கவில்லை. கிசுகிசுத்தால் வருவதற்குக் குழந்தை என்ன, திருடனா?

டல்மிரா எதிரே இருந்த தன் கடைக்குப் போய், புது பிரேக் கம்பி ஒன்றும் குறடும் பேனாக்கத்தியுமாகத் திரும்பினாள். முறுக்கைப் பிரித்து இரண்டு இழையை உருவினாள். வயலினின் இரண்டு தந்திகளை அவிழ்த்து ஒசோரியோவின் கையில் கொடுத்தாள். தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற சின்னக் கட்டையைக் கத்தியால் சீவித் தாழ்த்தினாள்.

"அம்மா! அது அரசாங்கச் சொத்து! நம்பர் ஒட்டியிருக்கு!"

"நம்பர் மேல நான் கையே வைக்கலையே சார்."

பிரேக் கம்பியை முறுக்கேற்றி, வில்லை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். இனிமை என்று சொல்ல முடியாது. கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன. மேளம் முழங்கியது, வயலின் அதன் தலைமேல் ஏறி நின்றது.

கதவு திறந்தது.

தொமித்திலா குழந்தையை ஏந்தி வெளியே வந்தாள். விலங்கு கழன்று தலைமுறைகள் ஆன கால்கள் இன்னும் விலங்கு இருப்பதுபோல மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஆட ஆரம்பித்தன. எலியேசெர் மறுபடி குழந்தையைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தான். இந்த முறை ஊரே வழிவிட்டது. டல்மிரா வயலினோடு பத்தடி தள்ளியே நடந்தாள்.

ஒசோரியோ எல்லாவற்றையும் படம்பிடித்தார். பிறகு பதிவேட்டின் எழுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து "இசைக் கருவி" என்ற கட்டத்தின்மேல் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சரிபார்க்கப்பட வேண்டும்" என்று எழுதினார். எதை என்று எழுதவில்லை.

அன்று டல்மிரா பலாந்தா ஐந்து மணிக்கு வாசிக்கத் தொடங்கி, குழந்தையைத் தொழுவத்தில் கிடத்தும்வரை நிறுத்தாமல் வயலின் வாசித்தாள்.