எருமை மேல் பொறாமை

வேலிக் கம்பியை முறுக்கி இறுக்கிக்கொண்டிருந்தார் வீரகத்தி. அந்தக் கம்பி நேற்றும் இறுக்கமாகத்தான் இருந்தது. முந்தாநாளும் அப்படித்தான். ஆனால் விடிகிற நேரத்தில், காக்கிக் காற்சட்டையோடு, ஒரு மனிதர் தன் வீட்டு வேலியடியில் நிற்பதற்கு ஏதாவது காரணம் வேண்டாமா? கை கம்பியில் இருந்தது. காது மாட்டுக்கொட்டிலில் இருந்தது. உள்ளே அவருடைய மனைவி இரஞ்சிதம் எருமைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பால் கறந்துகொண்டிருந்தாள். பால் வாளியில் விழும் சத்தத்துக்கு நடுவே மெல்லிய குரலில் எருமைக்கு ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். என்ன சொல்கிறாள் என்பது வேலி வரைக்கும் வந்து சேரவில்லை. இடையில் ஒருமுறை சிரித்தாள். அது மட்டும் நன்றாகக் கேட்டது. வீரகத்தி கம்பியை அறுந்துபோகும்படி முறுக்கினார்.

அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் முதல் பஸ்ஸுக்கு அவர்தான் கொண்டக்டர். பஸ்ஸில் ஏறிவிட்டால் அவர் வேறு மனிதர். "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ! முன்னுக்கு நிக்கிற ஆக்கள்தான் கிளிநொச்சிக்கு முதல் போய்ச் சேருவினம்!" கோழியை மடியில் வைத்திருக்கும் பெண்ணிடம், "கோழிக்கு ஒரு ரிக்கற் அக்கா. வழியிலை முட்டை இட்டுதெண்டால் அதுக்கு அரை ரிக்கற்" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் சொல்லும் பகிடிக்கு இரஞ்சிதம் தலையை மட்டும் ஆட்டுவாள். அவளுடைய சிரிப்பெல்லாம் அந்தக் கறுத்த மாட்டுக்குத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் மாட்டுக்கும் சிரிக்கவில்லை, மனிதருக்கும் சிரிக்கவில்லை. தவழத் தொடங்கியிருந்த மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரஞ்சிதம் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். தலை வாரவில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார் வீரகத்தி. "இது விசர், பைத்தியம் ஒண்டுமில்லை, மனம் களைச்சுப்போச்சு" என்று டொக்டர் புதிதாக வந்த ஒரு குளிசையைக் கொடுத்தார். குளிசை நித்திரையைக் கொண்டுவந்தது உண்மை. கூடவே வாயையும் காயவைத்தது. எழும்பினால் கண் இருட்டியது. கை நடுங்கியது. அவள் தேத்தண்ணி கொண்டுவந்தால் பாதி வழியிலேயே சிந்திவிடும். "விடும், நான் செய்யிறன்" என்று வீரகத்தி ஓடிப்போய்க் கோப்பையை வாங்கிவிடுவார். அன்பாகத்தான் வாங்கினார். அவள் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

குளிசை இல்லாமல் வேறு வழி உண்டா என்று அவர் தேடாத இடமில்லை. வல்லாரையைப் பிழிந்து சாறு கொடுத்தார். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியிடம் தலைக்கு எண்ணெய் வாங்கினார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். கடற்காற்று நல்லது என்று யாரோ சொல்ல, முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் இருத்தினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "எப்பிடி, சுகம் தெரியுதோ?" என்று அவள் முகத்தையே பார்ப்பார். பாவம், அவரை நோகவிடக்கூடாது என்று "ஓம்" என்பாள். அந்த "ஓம்" வெறும் ஓம் என்று அவருக்கும் தெரியும்.

இப்படியிருக்கும்போது, கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஹலீம், நல்ல எருமைப்பால் வேண்டுமென்று கேட்டார். வீரகத்தி ஒட்டுசுட்டானில் கன்றோடு ஓர் எருமை வாங்கினார். நெற்றியில் வெள்ளை இருந்ததால் சுட்டி என்று பெயர். மலிவாகக் கிடைத்தது, ஏன் மலிவு என்பது முதல்நாள் அது அவருடைய முழங்காலில் உதைத்தபோது தெரிந்தது. அடுத்த நாள் அவர் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தால், இரஞ்சிதம் மாட்டின் கீழே குந்தியிருக்கிறாள். நடுங்குகிற கையால் கறக்கிறாள். பாதிப்பால் வாளியில், பாதிப்பால் நிலத்தில். சுட்டி அசைபோட்டுக்கொண்டு, அவள் கறந்து முடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றது.

அன்றிலிருந்து இரஞ்சிதம் நேரத்தோடு எழும்பினாள். புல் வெட்டினாள். காலை வெயிலில் மாட்டைக் குளத்துக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டித் தானும் குளித்துவிட்டு வந்தாள். பசிக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள். டொக்டரிடம் போய் இதையெல்லாம் சொன்னபோது, அவர் அவளுடைய கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "குளிசையை ஒரேயடியா விடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம்" என்றவர், வீரகத்தியின் பக்கம் திரும்பி, "மாட்டை வித்துப்போடாதையும்" என்றார்.

வீரகத்திக்குச் சந்தோசம் இல்லாமலில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ கருகியது. "நான் கொண்டுவந்த ஒண்டும் அவளுக்குப் பிடிக்கேல்லை, ஹலீம் நானா. என்னை உதைச்ச எருமை பிடிச்சிருக்கு" என்று ஹலீமிடம் முறையிட்டார்.

"எருமையையும் நீங்கள்தானே கொண்டுவந்தது?"

"அதைப் பாலுக்கெல்லோ கொண்டுவந்தனான்!"

ஹலீம் சிரித்ததில் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது.

பொறாமைக்கு வெட்கம் ஏது? கிளிநொச்சியிலிருந்து அவளுக்குச் சிவப்பு ரிபன் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அது சுட்டியுடைய கன்றின் கழுத்தில் கிடந்தது. அவள் இல்லாத நேரம் கொட்டிலுக்குள் போய், "பெரிய பரியாரியார்!" என்று எருமையை முறைத்துவிட்டு வந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "உந்த மாட்டோட அப்பிடி என்னதான் கதைக்கிறனீர்?"

"சும்மா" என்றாள் இரஞ்சிதம்.

கொடிகாமத்தில் அவளுடைய தங்கைக்குக் குழந்தை பிறந்தது. "போய்ப் பாத்திட்டு வாறன்" என்று அவளாகவே சொன்னபோது வீரகத்தி திகைத்துப்போனார். பச்சைப்பிள்ளையை அவள் தூக்குவாளா, தூக்கினால் தாங்குவாளா? ஒன்றும் கேட்காமல் ரெயிலேற்றிவிட்டார். ரெயில் அசைந்தபோது யன்னலால் எட்டி, "சுட்டியைப் பாத்துக்கொள்ளுங்கோ!" என்றாள். அவர் என்ன சாப்பிடுவார் என்று ஒரு வார்த்தை இல்லை.

சுட்டி பால் இறக்க மறுத்தது. தவிடு வைத்தார், தடவினார், கெஞ்சினார். கிடைத்தது உதை. ஹலீம்தான் வழி சொன்னார்: "அவவின்ர பழஞ்சீலை ஒண்டைப் போத்துக்கொண்டு குந்துங்கோ. வாசத்துக்கு நிக்கும்."

படலையைச் சாத்திவிட்டு, பக்கத்துவீட்டார் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, காக்கிக்கு மேலே மனைவியின் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு குந்தினார் வீரகத்தி. சுட்டி முகர்ந்து பார்த்தது. உதைக்கவில்லை, ஆனால் பாலும் விடவில்லை. அதற்குக் குரலும் வேண்டியிருந்தது. பஸ்ஸில் சொல்லும் பகிடியைச் சொல்லிப் பார்த்தார். காலைத் தூக்கியது. வேறு என்ன சொல்வது? எருமையின் வயிற்றில் நெற்றியை வைத்தார். சேலையில் இரஞ்சிதத்தின் வாசம் இருந்தது. பிறகு அவரை அறியாமலே வாய் திறந்தது. மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பால் இறங்கியது. அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும்.

அவருடைய லீவு நாளில், வெயில் ஏறியபிறகு கறந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் கூவிப் பழகிய குரலுக்கு மெல்லச் சொல்லத் தெரியவில்லை.

"எங்கட பஸ்ஸிலைதான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, சுட்டி. தலை என்ர மடியிலை, கால் இரஞ்சிதத்தின்ர மடியிலை. பாதி வழியிலையே மூச்சு நிண்டுபோச்சு. எனக்குத் தெரிஞ்சது. பிள்ளை நித்திரை கொள்ளுது எண்டு அவளுக்குச் சொன்னனான். ஆஸ்பத்திரி வரைக்கும் விசிறிக்கொண்டே போனனான். இண்டைக்கும் நாங்கள் இருந்த அந்தச் சீற்றடியிலை வந்தால் நான் ஏதாவது பகிடி விடுறது, ஆரும் என்ர முகத்தைப் பாக்கக்கூடாதெண்டு…"

சுட்டி காதை வேலிப்பக்கம் திருப்பியது. வீரகத்தியும் திரும்பினார். காலைப் பஸ்ஸில் வந்திறங்கிய இரஞ்சிதம், கையில் பையோடு, அவர் வழக்கமாக நிற்கும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பதறிப்போய்ச் சேலையை உருவப் பார்த்தார். ஒரு பகிடியைத் தேடினார்.

அவள் பையை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"கால் என்ர மடியிலைதானே கிடந்தது. குளிர்ந்தது எனக்கும் தெரியும்" என்றாள். பிறகு, அவருக்கு நன்றாகப் பழக்கமான ஓர் எரிச்சல் குரலில் தெரிய, "ஏன், சுட்டிக்கு மட்டும்தான் சொல்லுவியளோ?" என்றாள்.

அவர் எழும்பப் போனார். அவள் விடவில்லை. மாட்டைச் சுற்றிக்கொண்டு போய் மற்றப் பக்கத்தில் குந்தி, அந்தப் பக்கத்து வயிற்றில் தன் நெற்றியை வைத்து, வாளியை நடுவுக்கு இழுத்து, தன் பக்கத்து இரண்டு காம்புகளையும் பிடித்தாள்.