அப்பாவின் கருநீல விரல்

இதை எங்கள் ஸ்கூல் டீச்சர்களிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை.

எண்பதுகளில், சர்க்கரை வியாதிக்காரரான அப்பா, கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டார். டிஞ்சர் அயோடின் தடவி, சலவை செய்து வைத்திருந்த பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். காலையில் கட்டைப் பிரித்தால் விரல் முழுக்கக் கருநீலம். விரல் கறுத்தால் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

டாக்டரைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸில் போனோம். அப்பா காவிரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஈரப் பஞ்சால் துடைத்தார். நீலம் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் நல்ல தோல்.

"கட்டுன துணி கஞ்சி போட்டதாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகும். நான் அறிவியல் டீச்சர். அந்த வாரம்தான் உருளைக்கிழங்கை நறுக்கி, எட்டாம் வகுப்புக்கு அதைச் செய்து காட்டியிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா விரலை ஆட்டிப் பார்த்தார்.

"இனிமே உருளைக்கிழங்கு வாங்காதம்மா. நானே கிளாசுக்கு வரேன்."

சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவேயில்லை. போகும் வழியெல்லாம் நான் மட்டுமே பயந்ததாக நினைத்திருந்தேன்.