மச்சானின் வலது கை

மச்சானின் ஜெர்மன் குடியுரிமைக்கான விண்ணப்பம், அதுதான் அன்ராக், எட்டு மாதமாக அலுவலகத்தில் கிடந்தது. அந்த எட்டு மாதமும் அவர் சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கவில்லை. ஹம்மிலிருந்து எசனுக்குப் போகும் முக்கால் மணித்தியால ரயிலில் டிக்கெட்டை நாலு தரம் எடுத்துப் பார்ப்பார். சின்னதாய் ஒரு வழக்குப் பதிந்தாலும் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்ற பயம். அப்படிப்பட்ட மனிதரைத்தான் ஏப்ரல் மாதம் நான் மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

என்னிடம் மீன்பிடி அட்டை இருக்கிறது. அது இல்லாதவர் இங்கே தூண்டிலைத் தொட்டாலே குற்றம். பரீட்சையை இரண்டாம் தரம் எழுதித்தான் வாங்கினேன் என்பதை யாருக்கும் சொல்வதில்லை. அட்டை இல்லாத வெளியூர்க்காரருக்குத் துறைமுகக் கடையில் தற்காலிக அனுமதி கிடைக்கும்.

"எனக்கு என்னத்துக்கு? நான் சும்மா பாக்கத்தானே வாறன்" என்றார் மச்சான்.

படகை இறக்கும் அவசரத்தில் நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பால்டிக் கடல் நிலத்துக்குள் புகுந்து அடங்கிக் கிடக்கும் குடா அது. தண்ணீர் குளிர்ந்திருக்கும் நாள்களில் ஹெரிங் மீன்களைத் துரத்திக்கொண்டு சால்மனும் கடல் ட்ரவுட்டும் உள்ளே வரும். படகை நடைவேகத்தில் ஓட்டி, பின்னால் இரண்டு தூண்டில்களில் மினுங்கும் போலி மீன்களை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று மணித்தியாலம் ஒன்றுமே இல்லை.

பிறகு இரண்டு தூண்டில் தடிகளும் ஒன்றாக வளைந்தன. ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். மற்றதிலிருந்து நூல் சீறிக்கொண்டு ஓடியது.

"மச்சான், பிடியுங்கோ!" என்று கத்தியது நான்தான்.

அவர் தடியைத் தொடவே இல்லை. ஊரில் கைக்கயிற்றால் மீன் பிடித்தவர், நூலையே வெறுங்கையில் சுற்றி இழுத்தார். அந்த மெல்லிய பின்னல் நூல் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போய்த் தானும் அறுந்தது. என் மீனும் கழன்றது. நிமிர்ந்து பார்த்தால், மீன்பிடிக் கண்காணிப்புப் படகு நேரே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"கையை மறையுங்கோ" என்றேன்.

அவர் வலது கையை ஜாக்கெட் பைக்குள் திணித்தார்.

வந்த பெண் அதிகாரி என் அட்டையைப் பார்த்தார். தடிகளை எண்ணினார். "உங்களுடைய அனுமதி?" என்று மச்சானிடம் ஜெர்மனில் கேட்டார்.

"நான் பார்க்க மட்டும்தான் வந்தேன்" என்றார் மச்சான்.

அடையாள அட்டை கேட்டார். அது அந்த வலது பைக்குள்தான் இருந்தது. இடது கையைக் குறுக்கே விட்டு எடுத்துக் கொடுத்தார். அட்டையில் இரத்தம்.

அதிகாரி அதைத் துடைத்து வாசித்தார். அறுந்து தொங்கிய நூலைப் பார்த்தார். நான்தான் பிடிக்கச் சொன்னேன் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் என் மீன்பிடி அட்டையைப் பறித்துவிடுவார்களோ என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காயத்துக்குக் கட்டும் துணிச்சுருள் ஒன்றை எடுத்து மச்சானின் மடியில் போட்டார். "இனிப் பார்க்கும்போது கவனமாகப் பாருங்கள்." படகு போய்விட்டது.

மச்சான் இடது கையால் துணியைச் சுற்றினார்.

"அவ தெரிஞ்சுகொண்டுதான் விட்டவ. நீங்கள் ஏன் ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாமல், வெட்டுப்பட்ட வலது கையை என்னிடமே நீட்டினார்.