ஆளுக்கொரு சொல்

போன வாரம் அலுவலகத்தில் தர்சினி என்னிடம் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். நான் வேலை பார்ப்பது கண்டிக்குப் பக்கத்தில் ஒரு விதைப் பரிசோதனைக்கூடத்தில். தர்சினி புதிதாகச் சேர்ந்த உதவியாளர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மேற்படிப்புக்கு அமெரிக்கா போக வேண்டுமென்று நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். படிப்பெல்லாம் போனில்தான். அர்த்தம் சரியாக வந்தால் போன் 'டிங்' என்கிறது, பிழைத்தால் 'டொக்' என்கிறது. நெல் முளைத்ததா என்று தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, அவள் எத்தனை பிழை விடுகிறாள் என்பது இருந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

"அக்கா, டாசிடர்ன் எண்டால் என்ன?"

"கெலிஓயா பஸ் கண்டக்டர்" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், வயதுபோனால் இப்படித்தான் ஆகுமோ என்ற கவலை இருந்தது. "அதிகம் பேசாத ஆள்" என்று அவசரமாகத் திருத்தினேன். போன் 'டிங்' என்றது. எனக்கென்னவோ 'டொக்' என்று கேட்டமாதிரி இருந்தது.

அந்தப் பரீட்சைக்கு நானும் ஒரு காலத்தில் விழுந்து விழுந்து படித்தவள்தான். பேராதனையில் பட்டம் முடித்து அங்கேயே தற்காலிக விரிவுரையாளராக இருந்த வருடம் அது. 'தற்காலிக' என்பதைக் கொஞ்சம் அழுத்தி வாசியுங்கள். டிசம்பரோடு வேலை முடிந்துவிடும். அதற்குள் வெளிநாட்டில் ஓர் இடம் கிடைக்காவிட்டால், கண்டி மஹய்யாவ வீட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். அதே நிலையில் இருந்த இன்னொருத்தி ஷிபானா, கெலிஓயாக்காரி. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே அறை. சமையல் அவள், பாத்திரம் கழுவுவது நான். அமெரிக்காவில் அதற்கெல்லாம் மெஷின் இருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் கையில் இருந்த சொற்பட்டியல், போட்டோகொப்பியின் போட்டோகொப்பி. புதிதாக எடுத்த கொப்பிக்கு ஒரு சூடான மை வாசனை இருக்குமே, அதை முகர்ந்தால் இப்போதும் எனக்கு அந்தப் பரீட்சைதான் ஞாபகம் வரும். யாரோ ஒரு சீனியர் எட்டாம் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருக்கிறார். அந்த வட்டமும் சேர்ந்து கொப்பியாகியிருந்தது. வட்டத்துக்குள் அகப்பட்ட நாலு சொற்கள் எங்கள் காலத்தில் யாருக்குமே தெரியாது.

மீதிச் சொற்கள் தெரிந்தன என்று நினைத்துவிடாதீர்கள். இன்று பத்துச் சொல் ஏற்றினால் நாளைக்கு எட்டு இறங்கிப் போய்விடும். அப்போதுதான் ஷிபானா அந்த யோசனையைச் சொன்னாள்.

"சும்மா பாடமாக்க ஏலா புள்ள. ஒவ்வொரு சொல்லயும் ஒவ்வொரு ஆளுக்குக் குடுப்பம்."

நாலு மணிக்குப் பேராதனையில் பஸ் ஏறி, கண்டி நகரத்து நூலகமொன்றில் ஆறு மணிவரை இருந்து படிப்பது எங்கள் வழக்கம். அந்த வழியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சொல் விநியோகம் ஆரம்பமானது. சட்டம் கடுமையானது. இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு சொல்தான். கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது.

நூலகக் காவல்காரர், குடையை மடித்து, முனை கீழே பார்க்க, இடது மூலையில்தான் வைக்கவேண்டும் என்பார். அவருக்கு 'பெடான்டிக்', சின்ன விதியையும் விடாப்பிடியாகப் பிடித்துத் தொங்குகிறவர். கென்டீன் மீன் ரோல்ஸுக்குக்கூட ஒன்று கொடுத்தோம், 'எஃபெமரல்', அற்ப ஆயுள். பத்து மணிக்கு மேல் இருக்காது. என் அப்பாவுக்குக் கிடைத்தது 'சாங்குயின்'. எது நடந்தாலும் நல்லதே நடக்கும் என்று நம்புகிறவர். அப்பா மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை. நான் விண்ணப்பமே போடாத நாளிலேயே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரிடமும், "எம் மக தை பொறந்தா அமெரிக்கா போகுது" என்று சொல்லிவிட்டிருந்தார்.

'டாசிடர்ன்' யாருக்கு என்பதில் வாக்குவாதமே வரவில்லை. "நுவர, நுவர!" என்று கண்டியின் சிங்களப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தாத கண்டக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கெலிஓயா பஸ்ஸில் ஒருவர் இருந்தார். உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். டிக்கட்டையும் மிச்சக் காசையும் தருவார், வாய் மட்டும் திறக்காது. ஆறு மாதத்தில் அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாதிரிப் பரீட்சை செய்து பார்த்தேன். புள்ளியைச் சொல்ல மாட்டேன், இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்று ஷிபானா லீவு. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, வெளியே பார்க்கிற பாவனையில் அழுதுகொண்டு வந்தேன். கெட்டம்பேயில் வாகன நெரிசல், பஸ் நின்றுவிட்டது. டிக்கட் போட வந்த அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார்.

"நங்கி, அழ வேணாம். சோதனையா? நம்ம ஓலெவல் மூணு தரம் பெயில். கணக்கு. மூணாவது தரம் மிஸ்தான் அழுதாங்க, நம்ம அழல்ல."

தங்கச்சிக்கு 'நங்கி' என்று சிங்களமும் தமிழும் கலந்து, கண்டி மணிக்கூட்டுக் கோபுரம் வரும்வரை அந்த வாய் மூடவில்லை. மாமியார் வீட்டு நாய், பஸ்ஸுக்குள் வெடித்த துரியான் பழம், தலைமயிர் கொட்டுவதற்கு அவர் தடவும் எண்ணெய் என்று எல்லாம் வந்தது. நான் அழுகையை மறந்து சிரித்துவிட்டேன். நான் இறங்கும்போது ஒன்றுமே நடக்காததுபோல் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மறுநாள் ஷிபானாவிடம் சொன்னேன். அவரிடமிருந்து சொல்லைத் திருப்பி வாங்க வேண்டும் என்றேன்.

"ஒரு நாள் கதச்சதுக்கெல்லாம் மாத்த ஏலா. சட்டம் ஈக்கிது."

"அவரு என்னைய சிரிக்க வச்சாருடி."

"அது ஒனக்கு. எனக்கு இன்னும் வாய் தொறக்கல்லயே."

கொழும்பில், ஒரு குளிரூட்டிய அறையில், கணினியின் முன் பரீட்சை. ஆறாவதோ ஏழாவதோ கேள்வி, 'டாசிடர்ன்' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? விடைகளில் 'கெருலஸ்' இருந்தது, ஓயாமல் பேசுகிறவர். எனக்கு இரண்டு பக்கத்திலும் ஒரே ஆள்தான் தெரிந்தார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடை, கை போகவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு துரியானையும் நாயையும் நினைத்துக்கொண்டிருக்க, திரையின் மூலையில் நிமிடங்கள் ஓடின. கடைசியில் வேறு எதையோ அழுத்தினேன். அந்தக் கணினியில் பின்னால் போக வழி கிடையாது. மிச்சக் கேள்விகளைப் பதறிப் பதறி முடித்தேன். பழி முழுவதையும் கண்டக்டர் தலையில் போடுவது அநியாயம். கணக்கிலும் நான் நன்றாகவே கோட்டை விட்டிருந்தேன்.

ஷிபானாவுக்கு இடம் கிடைத்தது. எனக்கு விண்ணப்பித்த நாலு இடத்திலிருந்தும் 'வருந்துகிறோம்' வந்தது. அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்து பொறாமையில் அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பா வாசலில் நின்றபடி, "அமெரிக்கா எங்க போயிறப் போகுது? அங்கனதான் இருக்கும்" என்றார்.

முதல் வருடம் அவளுடைய மின்னஞ்சல்கள் வந்தன. வீட்டுக்காரிக்கு ஒரு சொல், பேராசிரியருக்கு ஒரு சொல். நானும் இங்கிருந்து அனுப்பினேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேலை. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் மட்டும் வந்து போனது.

சென்ற ஓகஸ்டில் ஊருக்கு வந்திருந்தாள். நகரத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் சந்தித்தோம். எதிர் மேசையில் ஒருவர் கரண்டியின் பின்பக்கத்தில் முகம் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டே இருந்தார், பத்து நிமிடமாக. நான் ஷிபானாவைப் பார்த்தேன். அந்த நாளில் என்றால் நான் திரும்புவதற்குள் அவளிடமிருந்து சொல் விழுந்திருக்கும்.

அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், இன்டர்வியூ போல ஈக்கிது" என்றாள். பிறகு கடைசி மகனுக்கு வந்த சளியைப் பற்றிச் சொன்னாள்.

எனக்கு ஒரு சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்த ஆளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். சொல்லி, அவள் மரியாதைக்குச் சிரித்துவிட்டால் என்னால் தாங்கமுடியாது என்று பயந்து, பிளேன்டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.